வாசகர் கேள்வி – பதில்: வாயில்லா உயிர்களுக்காக ஒரு மாலைக் கச்சேரி

உயிரியல் பூங்காவுக்கும் காயப்பட்ட விலங்குகளின் பராமரிப்புக்கும் திறந்தவெளி இசை நிகழ்ச்சி வைத்துப் பணம் திரட்டுவது பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒலி, மேடை, கால்நடை மருத்துவம், கணக்கு ஆகிய துறைகளில் வேலை செய்பவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: வெளிநாடுகளில் கோடைகாலத்தில் உயிரியல் பூங்காவுக்குள்ளேயே கச்சேரி வைத்துப் பணம் சேர்க்கிறார்களாம். தெஹிவளைப் பூங்காவுக்கும், இங்கே அடிபட்ட விலங்குகளைப் பராமரிப்பவர்களுக்கும் உதவ எங்கள் கழகம் அப்படி ஒன்று செய்யலாமா? எந்த மாதம் தோது?
– கழகச் செயலாளர், உவர்மலை

பதில்: தாராளமாகச் செய்யலாம். இது பழைய வழக்கம்தான். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரப் பூங்காவில் 1920 தொடக்கம் 1971 வரை கோடைகால ஒப்பேரா நடந்தது. சியாற்றல் நகரத்து வுட்லண்ட் பார்க் பூங்காவில் இன்றும் புல்வெளியில் பாய் விரித்து, வீட்டுச் சாப்பாட்டோடு குடும்பமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள். மிஞ்சுகிற பணம் பூங்காவுக்குப் போகிறது.

அங்கே அது பலன் தருவதற்குக் காரணம், சொந்த நிலமும், பருவம் முழுவதும் ஒரே மேடை, ஒரே ஏற்பாடு என்று வைத்திருப்பதும்தான். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஏற்பாட்டை. ஒரு பெரிய இரவு வைத்துப் பிரபல பாடகரைக் கூப்பிட்டு மூவாயிரம் பேரைத் திரட்டப் பார்க்காதீர்கள். அந்த இரவில் காற்றோ மின்சாரமோ கைவிட்டால் கழகம் கடனில் விழும். விலங்குக்கு ஒரு சதமும் போகாது. ஐந்நூறு அறுநூறு பேர் வரக்கூடிய நான்கு சிறிய மாலைகளை இரண்டு கிழமைக்கு ஒன்றாக வையுங்கள். சவுண்ட்காரர், கதிரைக்காரர், ஜெனரேற்றர்காரர் மூவரிடமும் நான்கு நாளுக்கும் சேர்த்து விலை பேசினால் குறைத்துத் தருவார்கள். முதல் மாலையில் கண்ட பிழையை இரண்டாவதில் திருத்தவும் இடம் இருக்கும்.

மாதம் என்றால் மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை. ஒக்டோபரில் மழை பிடிக்கத் தொடங்கினால் வாடை முடியும்வரை திறந்தவெளியை நம்ப முடியாது. யூன், யூலையில் கச்சான் காற்று வலுக்கும். மேடையைத் தாழ்வாகக் கட்டினால் அதையும் சமாளிக்கலாம். திகதி குறிக்குமுன் போயா நாட்கள், ஆடி அமாவாசை, அயலிலுள்ள கோயில் திருவிழாக்கள், பள்ளிவாசல் நிகழ்ச்சிகள், தேவாலயத் திருநாள், பொதுப் பரீட்சைகள் எல்லாவற்றையும் ஒரே கடதாசியில் எழுதிப் பாருங்கள். மிஞ்சுகிற சனிக்கிழமைகள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: திருகோணமலைக் கோட்டை மான்களுக்காகவும் பணம் சேர்க்கிறோம் என்பதால் கோட்டைக்குள்ளே, அல்லது கோட்டை வாசலுக்கு அருகே உள்ள கடற்கரையில் மேடை போட்டால் பொருத்தமாக இருக்குமே? மான்களையும் சனம் பார்க்கலாம்.
– வாசகி, திருக்கடலூர்

பதில்: வேண்டாம் தங்கச்சி. உங்கள் எண்ணம் நல்லது, இடம் பிழை.

பிரெட்ரிக் கோட்டை இராணுவ முகாம், தொல்பொருள் இடம், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியும் அதுதான். அனுமதிப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும். புள்ளிமான் அந்தி சாய்கிற நேரத்தில்தான் மேய வெளிவரும். சரியாக அந்த நேரத்தில் நீங்கள் பேஸ் பெட்டியை, அதாவது அடித்தொனி ஒலிபெருக்கியை, முழங்க விடுவீர்கள். மிரண்ட மான் எங்கே ஓடுகிறது என்று பார்த்து ஓடாது. வீதிக்குப் பாய்ந்து வாகனத்தில் அடிபடும், கம்பி வேலியில் கொம்பு சிக்கும். வெளியே காயம் இல்லாமல் தப்பினாலும் ஆபத்து முடிந்துவிடாது. அளவுக்கு மீறி ஓடியும் திமிறியும் களைத்த மானின் தசைநார்கள் சிதையும். அதிலிருந்து வெளிப்படும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுத்துப் போகும். சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ செத்துவிடும். அப்போது கச்சேரியோடு யாரும் அதைத் தொடர்புபடுத்திப் பார்க்கமாட்டார்கள்.

தூரம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். மேடையிலிருந்து 25 மீட்டரில் 88 டெசிபெல் என்றால், 50 மீட்டரில் 82, 100 இல் 76, 200 இல் 70, 400 இல் 64. அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கூட ஒருவர் பக்கத்தில் நின்று பேசுகிற அளவுக்குக் கேட்கும். ஆகவே மான் கூட்டம் நிற்கிற இடத்திலிருந்து குறைந்தது ஒன்றரைக் கிலோமீட்டர் விலகுங்கள். நகர மத்தியிலும் இரவில் மான் உலாவுகிறபடியால் உப்புவெளிப் பக்கம் ஒரு திறந்த வெளியோ பாடசாலை மைதானமோ பார்ப்பது நல்லது. கடற்கரையில் கடலாமை முட்டையிடுகிற இடமா என்று மீனவர்களிடம் கேளுங்கள். அப்படியானால் வெள்ளை, நீல வெளிச்சம் கடல் பக்கம் விழவே கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணி ஊர்ப்பக்கம் ஊர்ந்து வரும். அங்கே மஞ்சள் விளக்கு, அதுவும் முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி.

மான்களைச் சனம் பார்க்க வேண்டுமென்றால் திரையில் காட்டுங்கள். பாடல்களுக்கு நடுவே இரண்டு நிமிடம் போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னேரம் நாலு மணிக்கு ஒலி சரிபார்த்தபோது வீடுகளுக்குக் கேட்கவே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு அதே அளவில் வைத்தும் இரண்டு கட்டைக்கு அப்பாலிருந்து முறைப்பாடு வந்தது. பெட்டியில் பிழையா, ஆளில் பிழையா?
– ஒலி உதவியாளர், சாம்பல்தீவு

பதில்: இரண்டிலும் இல்லை, தம்பி. காற்றும் சூடும் செய்கிற வேலை இது. திறந்தவெளியில் ஒலி போடுகிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். நாலு மணிக்கு மணல் கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று மேலேயுள்ள காற்றைவிடச் சூடு. அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். தூரத்து வீட்டுக்குக் கேட்காது. இரவு தரை குளிர்ந்ததும் நிலைமை தலைகீழ். கீழே குளிர், மேலே சூடு. மேலே போகிற ஒலியும் வளைந்து கீழே இறங்கும், அதுவும் நெடுந்தூரம் தள்ளி. நாலு மணிச் சரிபார்ப்பு வாத்தியங்களின் சமநிலைக்கு மட்டும்தான் உதவும். ஊருக்கு எவ்வளவு போகிறது என்பதை முதல் நாள் இரவு எட்டரை மணிக்கு, ஒரு பாட்டை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஒருவரை மோட்டார் சைக்கிளில் அனுப்பித்தான் அளக்க வேண்டும்.

காற்றும் அப்படித்தான். காற்று போகிற திசையில் ஒலி கீழ்நோக்கி வளைந்து தூரம் போகும். எதிர்த்திசையில் மேலே எழும்பி மறைந்துவிடும். கச்சான் தென்மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. ஆகவே மேடையின் முதுகு ஊருக்கும் முகம் கடலுக்கும் இருக்கட்டும். சனத்துக்கு நன்றாகக் கேட்கும்; ஊர் காற்றின் எதிர்ப்பக்கம் இருப்பதால் அமைதியாக இருக்கும். பகலில் கடற்காற்று திசையை மாற்றுவதுண்டு என்பதால், மூன்று நாள் முன்னதாக இரவு ஏழுக்கும் ஒன்பதுக்கும் ஒரு தடியில் துணி கட்டிப் பார்த்து முடிவெடுங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு: சனம் மேற்குப் பார்த்து உட்கார வேண்டும், ஆறே கால் வரை வெயில் கண்ணில் அடிக்கும். அதற்காக மேடையைத் திருப்பாதீர்கள். நிகழ்ச்சியை 6.45 க்குத் தொடங்குங்கள். மஃரிப் பாங்கும் அதற்குள் முடிந்துவிடும். இஷாப் பாங்கு நேரத்துக்குப் பத்து நிமிட இடைவேளையை முன்கூட்டியே நிரலில் போட்டுவிடுங்கள்.

பேஸ் தனிக் கதை. நடுத்தர, உயர் ஒலிகளைப் பெட்டி முன்னுக்கு மட்டும் தள்ளும். பேஸ் எல்லாத் திசையிலும் போகும், பின்னால் ஊருக்கும் போகும், சுவரையும் ஊடுருவும். முறைப்பாடு பெரும்பாலும் இதனால்தான் வரும். மெல்லிசை, கர்நாடக இசை, நாட்டார் பாடல் என்றால் பேஸ் பெட்டியே வேண்டாம். பெரிய பெட்டிகளில் 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இசைக்குழு கேட்டே தீருவார்கள் என்றால் மூன்று பேஸ் பெட்டி எடுத்து, இரண்டை முன்னோக்கியும் நடுவிலுள்ள ஒன்றைப் பின்னோக்கியும் வையுங்கள். பின்னோக்கிய பெட்டியின் துருவத்தை மாற்றி (கூட்டல், கழித்தல் இணைப்பை மாறி வைத்து), அதற்குச் சுமார் 3 மில்லிசெக்கன் தாமதம் கொடுத்தால் (பெட்டியின் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்ற கணக்கில்) மேடைக்குப் பின்னால் பேஸ் வெகுவாகக் குறையும். மேடையின் பின்னால் பத்து மீட்டரில் நின்று தாமதத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, எங்கே சத்தம் ஆகக் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

ஒலிகளைக் கலந்து கட்டுப்படுத்தும் கலவை மேசை மேடையிலிருந்து 25 மீட்டரில் இருக்கட்டும். அங்கே சராசரி 85 முதல் 88 டெசிபெல். கைபேசிச் செயலி முழுத் துல்லியமாக இராது, ஆனால் ஒரே கைபேசியை எல்லா இடத்துக்கும் பாவித்தால் வித்தியாசம் தெரியும். ஆக அருகிலுள்ள வீட்டிலும், விலங்கு நிற்கிற இடத்திலும் பாட்டு இல்லாதபோது அளந்து எழுதுங்கள். பாட்டோடு அளக்கும்போது 10 டெசிபெல்லுக்கு மேல் ஏறினால் குறையுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதைப் பாடகர் தீர்மானிக்கக் கூடாது. கழகத்தில் ஒருவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து, அவர் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: மேடைக்குப் பின்னால் பெரிய பெனர் கட்டுவதில் ஆபத்து உண்டா? ஜெனரேற்றர் எவ்வளவு வேண்டும்?
– பந்தல்காரர், பாலையூற்று

பதில்: பெனர்தான் மேடையைக் கவிழ்க்கிறது. 6 மீட்டருக்கு 4 மீட்டர் பெனர் என்றால் 24 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் சுமார் 150 கிலோ பாரம் தள்ளும். காற்று 54 ஆனால் 330 கிலோவைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, பாரம் இரண்டேகால் மடங்கு. கச்சான் குமுறுகிற பின்னேரங்களில் 54 ஒன்றும் அதிசயமில்லை. துளைகள் உள்ள வலைத்துணியில் அச்சடியுங்கள், அல்லது 4 மீட்டருக்கு 1.5 மீட்டராகச் சுருக்குங்கள். பெனரை மேடைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டாமல், பிளாஸ்ரிக் பட்டியால் கட்டினால் பலத்த காற்றில் பட்டி அறுந்து பெனர் மட்டும் போகும், கம்பம் நிற்கும். அறுந்த பட்டிகளை இரவே பொறுக்க வேண்டும். மணலில் இரும்பு ஆப்பு பிடிக்காது. ஒவ்வொரு காலுக்கும் 200 லீற்றர் தண்ணீர் நிரப்பிய பீப்பா ஒன்று கட்டுங்கள். ஐந்நூறு பேருக்கு மேடை உயரம் 80 சென்ரிமீட்டர் போதும்.

ஜெனரேற்றர்: நாலு பெரிய பெட்டி, மேடை ஒலி, எல்ஈடி விளக்கு, திரை, சாப்பாட்டுக் கடை விளக்கு எல்லாம் சேர்த்து 12 கிலோவாற் வரும். ஜெனரேற்றரின் அளவைக் கேவிஏ என்ற அலகில் சொல்வார்கள்; கிலோவாற்றை 0.8 ஆல் பிரித்தால் 15 கேவிஏ. பேஸ் அடிக்கும்போது இழுக்கும் மின்னுக்கு இடம் விட்டு 25 கேவிஏ எடுங்கள். மணித்தியாலத்துக்கு நாலைந்து லீற்றர் டீசல் குடிக்கும். கடைக்காரர் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலை ஒலி வயரில் செருகினால் எல்லாம் போச்சு. அவர்களுக்கு எரிவாயு அடுப்பு மட்டும்.

நிலத்தொடுப்பில் கவனம். காய்ந்த மணலில் ஒன்றரை மீட்டர் செம்புக் கம்பி அடித்தாலும் மின் இறங்காது. ஈரம் படுகிற ஆழம் வரை அடித்து, சுற்றிலும் உப்புத் தண்ணீர் ஊற்றி, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சைப் போட்டு, அதன் சோதனைப் பொத்தானைக் கலைஞர் மேடை ஏறுமுன் அழுத்திப் பாருங்கள். ஒலிவாங்கியைத் தொட்ட உதட்டில் சுரீரென்று அடித்தால் இந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கேள்வி: அனுமதிகள் எங்கிருந்து தொடங்க வேண்டும்? தர்ம காரியத்துக்கும் வரி உண்டா?
– ஆசிரியர், கிண்ணியா

பதில்: காணிச் சொந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதத்திலிருந்து தொடங்குங்கள், அது இல்லாமல் மற்ற மேசைகளில் கோப்பு நகராது. அடுத்தது பொலிஸ் நிலையத்தின் ஒலிபெருக்கி அனுமதி. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்பது 2007 இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை. விண்ணப்பத்தில் 9.15 க்கு முடிப்போம் என்று நீங்களே எழுதுங்கள். சனம் கலைந்து போகவும், ஒரு பாட்டு நீண்டுவிட்டால் ஈடுகட்டவும் அந்த முக்கால் மணித்தியாலம் வேண்டும்.

நுழைவுச்சீட்டு விற்றால் களியாட்ட வரி உண்டு. அச்சடித்த சீட்டுகளை உள்ளூராட்சி மன்றத்துக்குக் கொண்டுபோய், வைப்புப்பணம் கட்டி, முத்திரை குத்துவித்த பிறகுதான் விற்கலாம். முத்திரையில்லாத சீட்டை வாசலில் கண்டால் பிரச்சினை. தர்மம் என்பதற்காக விலக்குத் தானாக வராது. கேட்பதானால் சீட்டு அச்சடிக்குமுன் எழுத்தில் கேளுங்கள். பிறர் இயற்றிய பாடல்களை மேடையில் பாட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இசைக்குழு எடுத்துவிட்டதா என்று கேட்டு வாங்கி வையுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை. கடற்படையும் சீனன்குடா விமானத்தளமும் உள்ள ஊரில் ட்ரோனை விட்டுவிடுவதே மேல்.

கேள்வி: சேர்ந்த பணம் உண்மையில் விலங்குக்குப் போனது என்று சனத்துக்கு எப்படிக் காட்டுவது?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: மிக அவசியமான கேள்வி. ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த வருடம் யாரும் சீட்டு வாங்கமாட்டார்கள்.

பணம் ஓடிப்போகிற ஓட்டை பெரும்பாலும் இலவசச் சீட்டுத்தான். அதற்கு வேறு நிறம், தனித் தொடரிலக்கம், மொத்தத்தில் இருபதில் ஒன்றுக்கு மேல் இல்லை. விற்பனைக்குக் கொடுத்த ஒவ்வொரு சீட்டுப் புத்தகத்துக்கும் கையொப்பம் வாங்கி, நிகழ்ச்சிக்கு முதல் நாளே விற்காத சீட்டுகளைத் திருப்பி எடுங்கள். வாசலில் கிழித்த துண்டுகளை எண்ணி, அடிக்கட்டையோடு ஒப்பிட்டு, அன்றிரவே மூவர் கையொப்பமிட வேண்டும். ஒருவர் சீட்டுப் பார்க்கப் பத்து விநாடி என்றால் ஒரு வாசலில் மணிக்கு 360 பேர். அறுநூறு பேருக்கு நாலு வாசல் வைத்தால் 25 நிமிடத்தில் எல்லாரும் உள்ளே. வாசலில் நெரிசல் வந்தால் எண்ணிக்கையும் குழம்பும்.

செலவை அனுசரணையாளர் பணத்துக்குள் முடித்து, சீட்டுப் பணத்தை அப்படியே விலங்குக்கு என்று ஒதுக்க முயலுங்கள். அதற்கு வழியில்லையென்றால் செலவு வரவில் 40 வீதத்தைத் தாண்டுமிடத்தில் கலைஞர் ஊதியத்தையும் அலங்காரத்தையும் வெட்டுங்கள், ஒலிப் பாதுகாப்பை வெட்டாதீர்கள்.

தெஹிவளை, பின்னவல, ரிதியகம ஆகியவை தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் கீழ் உள்ளவை. காசு உறையோடு வாசலில் போய் நிற்க முடியாது. நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் முன்னரே கடிதம் எழுதி, என்ன பொருள் தேவை, எந்த அளவு, யார் பொறுப்பேற்பார் என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பொருளாகக் கொடுப்பதுதான் எங்களுக்குப் பிடித்த வழி. உள்ளூரில் என்றால் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்: காயத்துக்குக் கட்டும் பொருட்கள், மயக்க மருந்துச் செலவு, வலை, தூக்கிச் செல்லும் கட்டில், அடிபட்ட மானின் கண்ணைக் கட்டி அமைதிப்படுத்தத் தடித்த கறுப்புத் துணி. அந்தக் கறுப்புத் துணி சில நூறு ரூபாதான். வைத்தியர் வரும்வரை மானை உயிரோடு வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வாங்கிய பொருட்களின் பற்றுச்சீட்டுப் பிரதிகளை அடுத்த மாலையின் வாசலில் ஒட்டுங்கள். நான்கு மாலைகள் வைப்பதில் இந்த நன்மையும் இருக்கிறது: முதல் மாலைப் பணத்தில் வாங்கியதை இரண்டாம் மாலைக்கு வருபவர் பார்ப்பார்.

கேள்வி: சாப்பாட்டுக் கடைகளுக்கு என்ன நிபந்தனை போடுவது?
– மாதர் சங்கம், ஆலங்கேணி

பதில்: பொலித்தீன் பை, லஞ்ச் சீற், ஸ்ட்ரோ மூன்றும் உள்ளே வரக்கூடாது, வைப்புப்பணம் வாங்கிக்கொண்டு இதை எழுதிவிடுங்கள். கறி மணக்கிற லஞ்ச் சீற்றை மான் உணவென்றே விழுங்கும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது செரிக்காது, வெளியேறவும் மாட்டாது. சுருண்டு பந்தாகி இடத்தை அடைக்கும். வயிறு நிறைந்ததுபோல் உணர்ந்து மேய்ச்சலைக் குறைத்து, மெலிந்து சாகும்.

கச்சானும் கடலையும் கடதாசிச் சுருளில், வடை வாழையிலைத் துண்டில், இஞ்சிப் பிளேன்ரீ திருப்பித் தருகிற கோப்பையில். ஆளுக்கு ஒரு லீற்றர் குடிதண்ணீர் கணக்கிட்டு, பெரிய தாங்கியில் குழாய் பூட்டி வைத்தால் போத்தல் தேவைப்படாது. முடிந்த இரவே, விளக்கை அணைக்குமுன், இருபது பேர் வரிசையாக நின்று மைதானத்தை ஒரு முறை நடந்து பொறுக்க வேண்டும். விடிய வந்து பொறுக்கலாம் என்றால் மாடும் நாயும் மானும் முந்திக்கொள்ளும்.

கேள்வி: சிறுவர்களைக் கவர மேடையில் கிளி, பாம்பு காட்டலாமா? கடைசியில் வாணவேடிக்கை?
– இளைஞர், நிலாவெளி

பதில்: இரண்டும் கூடாது. நாட்டுப் பறவைகளிலும் பாம்புகளிலும் பெரும்பாலானவை வனசீவராசிகள் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். வாணவேடிக்கையின் திடீர் வெடிப்புக்கு எந்த விலங்கும் பழகாது, புறாத்தீவுக் கரைப்பக்கம் இரவு அடைகிற பறவைகளும் கிளம்பிவிடும். சிறுவர்களுக்கு 5.30 இலிருந்து 6.30 வரை மேடைக்குப் பக்கத்தில் நிழலில் களிமண்ணும் வர்ணமும் கொடுத்து விலங்கு செய்ய விடுங்கள். அவர்கள் செய்ததைப் பெற்றோர் நூறு இருநூறு ரூபா போட்டு வாங்கிப் போவார்கள். அந்தப் பெட்டிக்கும் தனி இலக்கம், தனிச் சாவி வையுங்கள்.